குப்புறக் கிடந்தவரின் ஆட்டம்

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், திறந்த வாயோடு மேலே எரிகிற விளக்கின் திருகு லூசாக இருக்கிறதென்று கையைக் காட்டுகிற ஆள். அப்படிப்பட்டவரை ஒரு வாரத்துக்குக் குப்புறப் போட்டு, தலையை நிமிர விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண் டாக்டரம்மா என்னிடம் ஒப்படைத்தார். தெருவில் ஓடுகிற வண்டியையெல்லாம் கையைக் காட்டி நிறுத்து என்று சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வலது கண்ணின் உள்திரையில், பார்வை குவிகிற நட்டநடு இடத்தில், ஓட்டை விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுவை அடைத்து ஒரு குமிழி விட்டிருந்தார்கள். குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அது மூடும். ஓட்டை இருப்பது கண்ணின் பின்பக்கம். அது மேலே வர வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும்.

"சாப்பிடும்போதும் குனிஞ்சுதான், நடக்கும்போதும் குனிஞ்சுதான்," என்றார் டாக்டரம்மா. "நிமிர்ந்தா குமிழி நகர்ந்துரும். இந்தத் தடவை மூடலைன்னா, மறுபடி பண்றதுல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லை."

இவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எழும்புகிற இடத்தில், உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புக் கட்டுகளைத் தூக்கி ஆட்களுக்கு நடுவே இறக்குவது வேலை. ஒரு கண் போனால் தூரம் பிடிபடாது. தூரம் பிடிபடாதவரை மேலே ஏற்ற மாட்டார்கள். "கவலைப்படாதீங்கண்ணே, கீழே சுமை கட்டுற வேலை எப்பவும் இருக்கு" என்று கம்பெனியில் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டார்கள். அந்த ஆறுதலைக் கேட்ட அன்று இவர் சாப்பிடவில்லை. ஒரு வாரம் தலை குனிந்திருந்தால் மறுபடி மேலே ஏறலாம், இல்லையென்றால் காலம் முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணும்போது மிதிப்பேன். அந்தப் பழக்கத்தில், பயம் வந்தால் நான் எங்கே நின்றாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டில் கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் இவர் கழுத்துக்கு ஏது பிரேக்?

முதல் நாளே சந்தி சிரித்துவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு ஸ்டூல்களை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே வளையத் தலையணையை வைத்து, அதன் ஓட்டைக்குள் அவர் முகத்தைப் பதித்திருந்தேன். வாசல் மணி அடித்தால் தலை எழும்பியது. மின்விசிறி கிறீச்சிட்டால் எழும்பியது. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்ததற்கு, "அது சுத்தியல் பிடிக்கிற லட்சணமா?" என்று பாதி உடம்பே எழும்பியது. நான் பாய்ந்து போய்ப் பிடரியை அமுக்கினேன்.

"எவ்வளவு நேரம்தான் இந்தத் தரையையே பாக்கிறது? ஒரு எறும்புகூட வரமாட்டேங்குது!"

"கூண்டுல உக்காந்து பத்து மணி நேரம் கீழேயே பாக்கலையா?"

"அங்கே ஏதாவது அசையும்டி."

சாயங்காலத்துக்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறைக்குப் போய்க் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். ஏசி மெக்கானிக். மீதி நேரத்தில் பழைய வீடியோ கேம் பைத்தியம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் காலத்துக் கேம் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கி, பிரித்து, துடைத்து, பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறவன். அன்றே வந்தான். கையில் ஒரு பழைய கேம் கேசட்.

அது இவருடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூண்டுக்குள் சும்மா காத்திருக்கிற நேரத்தில் ஆடியது. ஆடிய பெட்டி ஒருநாள் கைநழுவி ஈரக் கான்கிரீட்டில் விழுந்து, இன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்தின் மாடித் தளத்துக்குள் சமாதியாகி இருக்கிறது. அன்று சட்டைப் பையில் கிடந்த இந்த ஒரு கேசட் மட்டும் தப்பி, பிறகு தம்பியிடம் போய்ச் சேர்ந்தது. கடைசிவரை முடிக்காத ஆட்டம்.

கொழுந்தன் கேசட்டை ஒரு சின்னக் கருவியில் செருகி, உள்ளே இருந்ததை அப்படியே என் போனுக்கு மாற்றினான். எமுலேட்டர் என்று ஓர் ஆப். 'நான் போனே இல்லை, அந்தக் காலத்துக் கேம் பெட்டிதான்' என்று போனையே நம்பவைப்பது அதன் வேலை. மேல்பாதியில் மங்கலான பச்சைத் திரை, கீழ்ப்பாதியில் வரைந்துவைத்த பட்டன்கள். போனைக் கீழே ஒரு முக்காலியில் வைத்தோம். இவர் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த வேகத்திலேயே எரிந்து விழுந்தார். "பட்டன்னா கைக்குத் தட்டுப்படணும்டா. இது வழவழன்னு வழுக்குது."

அதற்கு நான் வழி கண்டுபிடித்தேன். கண்ணின் கட்டுத்துணியை ஒட்டுவதற்குக் கொடுத்த பிளாஸ்திரியில் கூட்டல் குறி மாதிரி ஒன்றும், வட்டமாக இரண்டும் வெட்டி, பட்டன்கள் மேலே ஒட்டினேன். கட்டைவிரல் வைத்துப் பார்த்தார். "ம்," என்றார். என் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் அது ஒன்று.

கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் கோபுரம் கோபுரமாக ஏறுவதுதான் ஆட்டம். இவர் அவனுக்கு வைத்த பெயர் குட்டையன். ஆட்டத்தைச் சேமித்து வைக்க வேண்டுமென்றால் குட்டையன் ஏதாவது ஒரு சத்திரத்துக்குப் போய்க் கட்டிலில் படுக்க வேண்டும். படுத்தால் சேவ் ஆகும். படுக்காமல் நிறுத்தினால் ஏறியதெல்லாம் வீண்.

"அண்ணே, அந்தத் தொல்லையே வேண்டாம்," என்றான் கொழுந்தன். "எமுலேட்டர்ல ஒரு வசதி இருக்கு. எந்த நொடியில வேணும்னாலும் ஆட்டத்தை அப்படியே ஒரு படம் மாதிரி பிடிச்சு வச்சுக்கலாம். செத்தா, படத்தைத் தட்டினா போதும், திரும்ப அதே இடம்." குட்டையன் முதல் ஊர்க் கிணற்றடியில் நிற்கும்போது ஒரு படம் பிடித்தும் காட்டினான்.

"அது கள்ள ஆட்டம். அப்படி ஜெயிச்சா கணக்குல வராது."

"யாரு கணக்குல?"

"என் கணக்குல. நீ கிளம்பு."

போகும்போது கொழுந்தன் வாசலில் என்னிடம் ஏதோ எச்சரித்தானாம். அந்தப் படத்தைத் தட்டிவிடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னேன் என்கிறான். அவன் செருப்பு மாட்டிக்கொண்டே முணுமுணுத்தது எனக்குக் கேட்கவில்லை என்கிறேன் நான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எப்படியோ, மருந்து வேலை செய்தது. மறுநாளிலிருந்து மணி அடித்தது, தலை எழவில்லை. ஆணி அடித்தார்கள், எழவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது ஒரு துளி வழிந்து போன் திரையில் விழ, யாரும் தொடாமலே குட்டையன் துள்ளிக் குதித்துக் குழிக்குள் விழுந்து செத்தான். "கொலைகாரி!" என்று கத்தினார், ஆனால் தலை அசையவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் உலகம் தரையளவுக்குச் சுருங்கிப்போனது. வருகிறவர்களைக் காலை வைத்தே அடையாளம் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்து, எனக்குத் தெரியாமலே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது கோபுரத்தின் பின்பக்கம் ஒரு நொண்டி நாய் கிடக்கும். அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை, நேரம்தான் வீண். இவர் அரைநாள் மெனக்கெட்டு அதை மீட்டார். அதற்குப் பிறகு குட்டையன் எங்கே போனாலும் இரண்டு அடி பின்னால் அது நொண்டிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் மதியம் குட்டையன் நாலாவது கோபுர வாசலுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரே ஒரு கோபுரம்தான் மிச்சம். இரண்டு நாளில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போக வேண்டும்.

"அதுக்குள்ள முடிச்சிரணும்," என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. குட்டையனைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு, தானும் வளையத்துக்குள் முகத்தை வைத்தபடி தூங்கிப்போனார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி. என்னிடம் கற்றுக்கொண்ட ஓர் அம்மாள் லைசென்ஸ் டெஸ்டில் தூணில் இடித்துவிட்டாராம், நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். போனோடு வாசலுக்குப் போய் அவருக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், போன் அந்த ஆப்பைத் தானாகவே மூடிவைத்திருந்தது. மறுபடி திறந்தேன். ஒரு சின்னப் படத்தில் குட்டையன் நிற்பது தெரிந்தது. இவர் எழுந்ததும் தயாராக இருக்கட்டும் என்று அதைத் தட்டினேன்.

கிணற்றடி. முதல் ஊர். பின்னால் நாய் இல்லை.

ஏதோ தப்பான கதவைத் திறந்துவிட்டேன் என்பது புரிந்தது. கைகால் ஓடாத அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைப் பண்ணினேன். குட்டையனைச் சத்திரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். படுத்தால் எல்லாம் பத்திரமாகிவிடும் என்றுதானே ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவன் இரண்டே கேள்விதான் கேட்டான்.

"படத்தைத் தட்டினீங்களா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் சத்திரத்துல படுக்க வச்சீங்களா?"

"ஆமா."

"போச்சு அண்ணி. தட்டினதுல பாதி போச்சு, படுக்க வச்சதுல மீதியும் போச்சு. அண்ணனோட சேவ் மேலேயே பழசை எழுதிட்டீங்க."

"நீ என்ன பண்ணுவியோ தெரியாது. உங்க அண்ணன் முழிக்கிறதுக்குள்ள வா."

எனக்கு ஆட்டம் போன கவலை இல்லை. அவர் கோபம் எனக்குத் தெரியும். கோபம் வந்தால் முதலில் எழும்புவது தலைதான். நாற்காலியில் இருந்தால் எழுந்து நிற்பார், நின்றால் நெஞ்சை நிமிர்த்துவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்படி நிமிர்ந்தால் போதும். ஐந்து நாள் பட்ட பாடு, ஆபரேஷன், கூண்டு, எல்லாம் என் ஒரு விரல் தட்டினதில் முடிந்தது. அறை வாசலில் நின்று அவர் பிடரியைப் பார்த்தேன். அது மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக அவர் முகத்தைவிட அந்தப் பிடரியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கொழுந்தன் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் யாருடைய ஏசியையோ பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான்.

"திரும்பக் கொண்டுவர வழியே இல்லையா?"

"இல்ல. ஆனா திரும்ப ஆடலாம். வேகமா ஓட்டுற பட்டன் இருக்கு. வழி தெரியணும்."

"வழி நான் சொல்றேன்," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சத்தத்தை அமுக்கிவிட்டு ஓடவிட்டான். குட்டையன் நாலு மடங்கு வேகத்தில் மூட்டைப்பூச்சி மாதிரி ஊர்ந்தான். "இடது. ஏணி. அந்தக் கதவு வேண்டாம், அங்கே வௌவால். கீழே இறங்கு. பெட்டியில சாவி." பதினெட்டு வயசுப் பையனுக்கு முதல் நாள் ஸ்டீயரிங் கொடுத்தால்கூட நான் இவ்வளவு படபடத்ததில்லை. முதல் கோபுரம் முடிந்தது. இரண்டாவதில் பாதியில் செத்தான். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அங்கே ஏறி, கிணற்றடிப் படத்துக்கு மேலே புதுப்படம் பிடித்தான். கள்ள ஆட்டம்தான். யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

மூன்றாவது கோபுரத்தில் இருக்கும்போது அறையிலிருந்து குரல் வந்தது.

"இந்தா... போன் எங்க?"

ஓடினேன். கை தரையில் முக்காலியைத் துழாவிக்கொண்டிருந்தது. கழுத்து இறுகியிருந்தது.

"சார்ஜ்ல இருக்குங்க."

"தூங்கும்போது நிறைய இருந்துச்சே?"

"ஸ்கூல்ல இருந்து போன் வந்தது. ரொம்ப நேரம் பேசினேன்."

"சரி, வயரோட கொண்டா."

"கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்களேன்."

தோள்கள் மெல்ல எழும்பின. உள்ளங்கையைப் பிடரியில் வைத்தேன். "அசையாதீங்க! என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். தோள் மரத்துப்போச்சு." மறுபடி அடங்கினார். கொஞ்சம் கழித்து, ரொம்ப நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, நீ எதுக்குப் பிரேக் மிதிக்கிற?"

குனிந்து பார்த்தேன். அவர் பார்வைக்கு நேர்கீழே என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். "கால் மரத்துப்போச்சு," என்றேன். பயத்தை மறைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னும் கொஞ்ச நேரம் சாக்குப்போக்குச் சொல்லிச் சமாளித்தேன். மருந்து நேரம் என்று சொட்டு விட்டேன். கழுத்தைப் பிடித்துவிட்டேன். கடைசியில் கொழுந்தன் கதவருகே வந்து கட்டைவிரலை உயர்த்தினான். நாலாவது கோபுர வாசல். அதே இடம். போனை வாங்கி முக்காலியில் வைக்கப் போனேன்.

வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். குட்டையன் விளக்கோடு நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி வெறும் தரை.

நாய்.

நானும் சொல்லவில்லை, கொழுந்தனும் தேடவில்லை. அவசியமில்லாத நாய்தானே. கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. திரும்ப எடுக்க முடியாது, இவர் கைகள் போனைப் பிடித்துவிட்டன.

கட்டைவிரல் பிளாஸ்திரியைத் தேடிப் பதிந்தது. குட்டையன் நாலு அடி நடந்தான். நின்றான். திரும்பி வந்த வழியே நாலு அடி நடந்தான். மறுபடி நின்றான்.

"டேய் சின்னவனே," என்றார். "உன் கால் வாசல்ல தெரியுது. எப்ப வந்த?"

"இப்... இப்பத்தான்ண்ணே."

"இப்ப வந்தவன் கால்ல தூசியே இல்ல."

பிடரியில் ஒரு நரம்பு புடைத்து எழுந்தது. தோள்பட்டை இரண்டும் கட்டையாக இறுகின. நான் அமுக்குவதற்கு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன், ஆனால் தொடவில்லை. கட்டட வேலையில் முறுக்கேறிய உடம்பு அது. எழ வேண்டுமென்று நினைத்தால் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும். கத்தட்டும், போனைத் தூக்கி எறியட்டும், என்னைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்கட்டும், தலையை மட்டும் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் மனதில் ஓடியது.

அவர் கைகள் போனை முக்காலியில் வைத்தன. விரல்களை எடுத்துவிட்டார். யாரும் தொடவில்லை. ஆனால் குட்டையன் துள்ளினான். பிறகு தானாகவே சுவரைப் பார்த்து நடந்து, முட்டி, நடந்துகொண்டே நின்றான்.

நான் விட்ட மருந்து எப்போதோ காய்ந்திருந்தது. அது மருந்துத் துளி இல்லை.

நான் தரையில் படுத்தேன். மல்லாந்தபடி ஸ்டூல்களுக்கு நடுவே ஊர்ந்து, முக்காலியைத் தள்ளிவிட்டு, அவர் முகத்துக்கு நேர்கீழே போனேன். ஐந்து நாளுக்குப் பிறகு அந்த முகத்தை முழுசாகப் பார்த்தேன். ரத்தம் இறங்கி வீங்கிப்போயிருந்தது. நெற்றியில் வளையத்தின் தடம். ஒரு கண்ணில் கட்டு, மற்றது முழுக்கத் தண்ணீர். அடுத்த துளி என் கன்னத்தில் விழுந்தது.

"அழாதீங்க, கண்ணுக்கு ஆகாது," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது அதுதான்.

"எப்படிப் போச்சு?"

"நான்தான் தட்டினேன். தப்பான படத்தைத் தட்டி, படுக்கவும் வச்சுட்டேன். தம்பி திரும்ப ஆடினான். வழி நான் சொன்னேன்."

"நாயை விட்டுட்டீங்க."

"விட்டுட்டோம்."

உதட்டைக் கடித்துக்கொண்டார். "மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தேன். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள இதை நேர்மையா முடிச்சா, ஓட்டை மூடிரும்னு. முடிக்கலைன்னா மூடாதுன்னு. பைத்தியக்காரத்தனம்தான். வேற எதைப் பிடிச்சுக்கிறதுன்னு தெரியல. மேலே போக விடமாட்டாங்களோன்னு பயமா இருக்கும்மா."

இருபது வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த உயரத்தில், காற்றில் ஆடுகிற கூண்டில் உட்கார்ந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"உங்க கண்ணு மூடுறதுக்கும் குட்டையன் கோபுரம் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? விளையாடி ஜெயிக்கச் சொன்னாங்களா? தலையைக் குனியச் சொன்னாங்க!"

"குனிஞ்சுதானே இருக்கேன்," என்றார். "நாயைக் காணோம்னதும் எழுந்து உங்க ரெண்டு பேரையும் வெளியே தூக்கிப் போடணும்போல இருந்துச்சு. எழுந்தேனா? பாத்தியா?"

பார்த்தேன். அந்த நரம்பும் தோளும் எழுவதற்காக இறுகவில்லை, எழாமல் இருப்பதற்காக இறுகியிருந்தன. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கன்னத்தைக் கையால் துடைத்துவிட்டேன்.

"முதல்ல போய் அந்த நாயைக் கூட்டிட்டு வாங்க," என்றார். "அப்புறம் மத்ததைப் பேசலாம்."

நான் வெளியே வர அவசரப்பட்டேன். பாதி ஊர்ந்து, ஸ்டூலைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். தாண்டவில்லை. ஸ்டூல் சட்டத்தின் இரும்பு மூலை நெற்றியில் புருவத்துக்கு மேலே இறங்கியது. கண்ணுக்குள் மின்னல் அடித்தது.

"என்ன சத்தம்?"

"முக்காலி," என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. கையை வைத்துப் பார்த்தால் சூடாக வழிந்தது. கொழுந்தன் "ஐயோ" என்று வாயைத் திறந்தான். நான் விரலை உதட்டில் வைத்தேன். ஒரு சொட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் பார்வை எட்டுகிற ஓரத்தில் தரையில் விழுந்தது. கொழுந்தன் ஒரே எட்டில் வந்து அதன் மேல் தன் பாதத்தை வைத்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. போனை எடுக்க வந்தேன்."

அவன் அப்படியே நின்றான். நான் சமையலறைக்குப் போய்க் காயத்தைக் கழுவி, பட்டன் வெட்டி மிச்சமிருந்த பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டேன். வலி விண்ணென்று தெறித்தது. திரும்பி வந்து துணியை நனைத்துக் கொழுந்தனின் பாதத்துக்குக் கீழே துடைத்தேன். அவன் "கிளம்புறேன் அண்ணே, ஏசி பாதியில கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் நான் அவர் முகத்துக்குக் கீழே போகவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி, போனை அவர் பார்வைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். என் முழங்கைக்கு மேலே அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது கோபுரத்தின் பின்பக்கத்துக்குத் திரும்பிப் போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் ஆடினேன், கை கடுத்தபோது அவர் ஆடினார். படம் பிடிக்கவில்லை. நாய் கிடைப்பதற்குள் குட்டையன் செத்த கணக்கு எனக்கே நினைவில்லை. அது கிடைத்து, நொண்டிக்கொண்டே பின்னால் வந்தபோது இவர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

ஆட்டம் முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போகிற நாளில் குட்டையன் நாலாவது கோபுர வாசலில் நாயோடு நின்றுகொண்டிருந்தான். கொழுந்தன் தன் வண்டியைக் கொண்டுவந்தான். இவர் பின்சீட்டில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தார். கணக்கு முடியவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேசுவதையெல்லாம் பேசியவள்தான். ஆனால் அந்தக் கணக்கு என்னையும் தொற்றிக்கொண்டது. முன்சீட்டில் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

கருவியில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா பார்த்தார். திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குள்ளே என்ன தெரியுது?"

"மட்டம் பாக்கிற குழாய்ல இருக்குமே, அது மாதிரி ஒரு குமிழி. ஆடுது," என்றார் இவர், இன்னும் குனிந்தபடியே.

"அது கரைஞ்சிரும். ஓட்டை மூடியிருக்கு."

இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடியிருக்குன்னு சொன்னேன். பார்வை மெதுவாத்தான் வரும். மேலே ஏறுறதைப் பத்தி மூணு மாசம் கழிச்சுப் பேசலாம். மல்லாந்து மட்டும் படுக்காதீங்க. மத்தபடி இனிமே நிமிரலாம்."

அவர் நிமிரவில்லை. நான் தோளைத் தொட்டேன். பிறகு, சுமையைத் தூக்குகிற முறை ஒன்று உண்டே, முதலில் ஓர் அங்குலம் தூக்கி, நிறுத்தி, கட்டு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைத் தூக்குவார்களே, அப்படித் தூக்கினார் தலையை. ஓர் அங்குலம். நின்றார். அப்புறம் மீதி. கழுத்து எலும்பு சடசடத்தது. சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார். நல்ல கண்ணைச் சுருக்கினார்.

"நெத்தியில என்ன பிளாஸ்திரி?"

"இடிச்சுக்கிட்டேன்."

"எப்ப?"

"நாய் காணாமப்போன அன்னிக்கு. உங்களுக்குக் கீழே இருந்து வெளிய வரும்போது."

"முக்காலின்னு சொன்ன?"

"சொன்னேன்."

"இவ்வளவு பெரிய காயத்தை வச்சுக்கிட்டு ரெண்டு நாளா பக்கத்துல உக்காந்து... சொல்லக்கூடாதா?"

"சொன்னா தலையைத் தூக்கியிருப்பீங்க."

அவர் கை மெல்ல வந்து, கட்டைவிரலால் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தடவியது. டாக்டரம்மா ஏதோ எழுதுவதாகப் பாவனை செய்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா," என்றார் இவர். "தூக்கியிருப்பேன்."